புரட்டாசியில் கறிக்கடை

1

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம். மலாக்கா ஊர் முழுக்கத் தோரணம். நான் இருக்கும் காஜா பெராங் சாலையில் வாசலுக்கு வாசல் கொடி பறக்கிறது. அதே சாலையில் ஒரு கறிக்கடைக்கும் இந்த வாரம்தான் ஒரு வயது நிறைகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் எலும்பு சூப்பைச் சும்மாவே ஊற்றித் தருகிறார்களாம். நேற்றுக் காலை கோப்பிக் கடையில் ஒருவர் என்னைப் பார்த்து நாலு பேர் கேட்கச் சத்தமாகவே சொன்னார்:

"என்னா கிராணி, ஒங்க பழைய கடதானே? போயி ஒரு கோப்ப குடிச்சிட்டு வரலாம்ல? ஒங்ககிட்ட காசு கேக்க மாட்டான்லா!"

இங்கே குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். கிராணி வேலையை விட்டு வருஷம் கடந்தும் எனக்கு அந்தப் பெயர்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, கோப்பியைப் பாதியிலே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

தேவகோட்டையிலிருந்து அக்கா போன மாதம் எழுதியிருந்தாள்: "கிட்டங்கியில் கணக்கெழுதப் போனவன் கறி சுடுகிறானாம், அதிலும் ஏமாற்றினானாம் என்று இங்கே பேச்சு. என்னடா நடந்தது?" கடல் தாண்டி அங்கேயும் போய்விட்டது, பாருங்கள். அக்காவுக்கு மட்டும் பதில் எழுதி என்ன பிரயோஜனம்? ஊருக்கே எழுதிவிடுகிறேன்.

2

கிட்டங்கி என்றால் செட்டிநாட்டுக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வட்டித்தொழில் நடக்கும் நீளமான கூடம் அது. ஆளுக்கொரு பெட்டி, பெட்டியடியில் ஒரு பாய். பகலில் அதுவே ஆபீஸ், ராத்திரியில் அதுவே படுக்கை. மேலாளுக்கு அடுத்த ஆளாக, இரண்டு பேனாவும் ஒரு தகரப் பெட்டியுமாக அங்கே வந்து இறங்கினேன். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க்கு வாங்கியவன் பேரேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். உட்கார்ந்த இடத்தில் உடம்பு அரித்தது.

அப்போதுதான் டேல் வந்து சேர்ந்தான். ரப்பர் வாங்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த அமெரிக்கன், என் வயதுதான் இருக்கும், டெக்சாஸ் என்ற ஊர்ப்பக்கம். கையெழுத்து வாங்குவதற்காக அவனுடைய கடற்கரை பங்களாவுக்கு என்னை அனுப்பினார்கள். பின்கட்டில் செங்கல்லால் ஒரு தொட்டி கட்டி, மேலே தகரத்தைப் போட்டு மூடி, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே ஓர் ஓரத்தில் விறகுக் கனல், மறு ஓரத்தில் மாட்டிறைச்சி. விடியற்காலையில் வைத்ததாம், சாயங்காலம்தான் எடுப்பானாம். "அதற்குள் கரியாகிவிடாதா?" என்று கேட்டேன். அன்றைக்கு ஆரம்பித்த கேள்வி மூன்று மாதம் ஓயவில்லை. பாவம், பதில் சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் வலித்திருக்கும்.

மாடு எனக்கு ஆகாது என்றேன். அடுத்த வாரமே ஓர் ஆட்டுத் தோளை எனக்கென்று வைத்திருந்தான். தடவியது உப்பும் இடித்த மிளகும் மட்டும். வேறு ஒரு மசாலா கிடையாது. செட்டிநாட்டில் பிறந்தவனுக்கு அது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. வெளியே எடுத்தபோது அட்டைக் கரி. போச்சு, தீய்த்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். கத்தி உள்ளே இறங்கியதும்தான் தெரிந்தது: கறுப்புத் தோலுக்கு அடியில் ஒரு விரல்கனத்துக்கு ரோஜா நிறத்தில் சிவப்பு, அதற்குள்ளே சாறு சொட்டும் கறி. வாயில் வைத்தவன் பேசவில்லை. நான் பேசாமலிருந்தது அவனுக்கே அதிசயமாக இருந்தது.

அந்தச் சிவப்புதான் சாட்சி. நெருப்பு கறியைத் தொடாமல், புகையும் அனலும் மட்டும் பகல் முழுக்கப் பட்டால்தான் அது வரும். புகையிலும் வகை உண்டு. வெள்ளையாகக் குப்பென்று வந்தால் கறி கசக்கும். நீலமாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போக வேண்டும். அதற்கு விறகு காய்ந்திருக்க வேண்டும். டேல் மாற்றலாகிப் போன பிறகு நானே எத்தனையோ ஆட்டைப் பாழாக்கி, ரம்புத்தான் மரத்து விறகுதான் சரி என்று கண்டுபிடித்தேன். கிட்டங்கியில் விஷயம் தெரிந்ததும் மேலாள் கூப்பிட்டு, "கறிக்கடை வைக்கிறவனுக்கு இங்கே பாய் கிடையாது, தம்பி" என்றார். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

3

கூட்டாளி வேலு. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பட்டணத்துக்கு வந்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். விறகு ஏற்றி வந்தவனிடம் ஒரு துண்டு கறி கொடுத்தேன். தின்றுவிட்டு லாரியிலிருந்து இறங்கியவன் அப்புறம் ஏறவேயில்லை. என்னைப் போலவே அவனுக்கும் உட்கார்ந்தால் பொறுக்காது. இந்த ஊரில் என்னை 'வாய்யா, போய்யா' என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்தவனும் அவன்தான்.

லைசென்ஸ் வாங்கப் போன கதையைக் கேளுங்கள். "என்ன கடை?" என்று கேட்டார் ஆபீஸில் இருந்தவர். எனக்குத் தெரிந்த மலாயில், புகையில் வேகும் ஆட்டுக்கறி என்று விளக்கினேன். "வேகிறதா, புகைகிறதா? ஒன்று சொல்" என்றார். சோற்றுக்கடை, கோப்பிக்கடை, கசாப்புக்கடை எல்லாவற்றுக்கும் அவரிடம் இடம் இருந்தது, எங்களுக்கு இல்லை. கடைசியில் சாத்தே கடை என்று எழுதிக்கொண்டார். கறியைக் குச்சியில் குத்திச் சுடுவார்களே, அது. பிறகு என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் இந்தியாவிலிருந்து வந்தவன், குடியுரிமைக்கு இன்னும் காலம் இருக்கிறது. இங்கே பிறந்தவர் பேரில் எடுத்தால் இன்றைக்கே முடியும் என்றார். வேலுவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "எம் பேர்ல இருந்தா என்னா, ஒம் பேர்ல இருந்தா என்னா?" என்றான் வேலு. எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

கடைப் பலகையில் எழுதும் வாசகத்தை நான்தான் யோசித்துக் கொடுத்தேன்: 'விடிந்தது முதல் பொழுது அடையும்வரை புகையில் வெந்தது.' தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி மாட்டினோம். ஆட்டை பசாரில் முஸ்லிம் கசாப்புக்காரரிடம் வாங்கினோம், மலாய்க்காரர்களும் தயங்காமல் வரட்டும் என்று. (பசார் என்றால் சந்தை. 'இதெல்லாம் எந்த ஊர்த் தமிழ்?' என்று அக்கா போன கடிதத்திலேயே திட்டிவிட்டாள்.)

கூட்டம் வந்தது. ஆனால் கடை நடத்துவது வேறு. சாயங்காலம்தான் கறி தயாராகும். விளக்கு வைக்கும் முன் தீர்ந்துபோகும். பிந்தி வந்தவர்கள் திட்டுவார்கள். மழை பெய்தால் விறகு கெடும், அன்றைக்குப் பூராவும் கடையை மூட வேண்டும். காலையில் வாங்கிய கறி சாயங்காலம் பாதியாகச் சுருங்கி நிற்கும்போது வேலு அதையே பார்த்துக்கொண்டிருப்பான். "பாதி ஆட்டப் பொகைக்கி குடுத்துட்டோம்யா" என்பான். நான் சிரிப்பேன். அவன் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

4

கடை திறந்த சில வாரத்தில் புரட்டாசி பிறந்தது.

நான் கப்பலேறும்போது அம்மா பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்: பிள்ளை போகும் காரியம் பலித்தால் வருஷா வருஷம் புரட்டாசி முழுக்க அவன் கவிச்சி தொடமாட்டான் என்று. கடையே அந்தக் காரியம் பலித்ததன் அடையாளம் இல்லையா? அதற்காகவே இன்னும் கண்டிப்பாக இருப்பது என்று முடிவு செய்தேன். வாயில் வைப்பதில்லை, கையாலும் தொடுவதில்லை. பின்கட்டுக்கே போவதில்லை. அடுப்பும் கத்தியும் வேலுவிடம். நான் குளித்து, நாமம் போட்டு, வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பது, அவர்கள் கேட்பதை உள்ளே சொல்வது, பேசுவது. பேச்சுக்கு எனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

"கறிக்கடைக்கார ஐயங்காரு" என்று வேலு கேலி செய்வான். "நீ சாமியப் பாரு, நான் ஆட்டப் பாத்துக்கிறேன்."

நம்மவர்களில் பாதிப் பேர் அந்த மாதம் வரமாட்டார்கள், கடை தள்ளாடும் என்று பயந்தேன். தள்ளாடவில்லை. மத்தியானமே கறி தயாராக இருந்தது. எப்படியென்று கேட்டதற்கு, "நடுச்சாமத்துலயே எழுந்து அடுப்ப மூட்டிட்றேன்யா" என்றான். என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வாசல்வரை வெள்ளைப் புகை வந்தபோது, "வெறகு ஈரம், மழ பேஞ்சிக்கிட்டே இருக்குல்ல" என்றான். கறிமேல் சோயாக் கிச்சாப்பு என்ற கறுப்புச் சாற்றை ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தான். சீனர்கள் கேட்கிறார்களாம். புதிதாக எலும்பு சூப் ஒன்றும் போட்டான். மிளகு தூக்கலாக, பெரிய பெரிய கோப்பையில். ஜனம் அலைமோதியது. "என்ன மூளைடா உனக்கு!" என்று முதுகில் தட்டினேன்.

அத்தனை சூப்புக்கு அத்தனை எலும்பு எங்கேயிருந்து வந்தது? படித்தவன், கணக்குத் தெரிந்தவன், நான் கேட்கவில்லை.

ஒருவர் மட்டும் வராதது உறுத்தியது. உஜோங் பாசிரில் இருக்கும் சேவியர். போர்த்துகீசிய வம்சத்தார், இறால் வலை போடுகிறவர். வெள்ளிக்கிழமை அவர்களுக்கும் கறி ஆகாது. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளை மிதித்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார். தோள் பக்கம், எலும்பை ஒட்டி, தோல் கறுத்த இடமாகக் கேட்டு வாங்குவார். நான் பேசப் பேச வாயை மூடிக்கொண்டு மெல்லுகிற ரசிகர். புரட்டாசி முதல் சனிக்குப் பிறகு அவரைக் காணவில்லை. புரட்டாசி அல்லவா, வரமாட்டார் என்று சமாதானம் செய்துகொண்டேன். கிறிஸ்தவருக்கு ஏது புரட்டாசி? அந்த மாதம் ஊரில் எவர் வராமல் போனாலும் அந்த ஒரே காரணத்தை வைத்துத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

5

ஐப்பசி முதல் நாள் கோயிலுக்குப் போய்விட்டு, நேரே கடைக்குப் போனேன். மத்தியான வியாபாரத்துக்கு இன்னும் திறக்கவில்லை. ஒரு மாதமாகக் காய்ந்த நாக்கு.

"தோள்ல ஒரு துண்டு வெட்டு, வேலு."

"பொறுய்யா, இன்னும் கொஞ்சம் பொகையட்டும்" என்றான். கத்தியை அவன் எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

கறி கத்திக்கே காத்திருக்கவில்லை, தானாகப் பிரிந்து விழுந்தது. தோலுக்கு அடியில் சிவப்பு இல்லை. ஓரத்திலிருந்து நடுவரை ஒரே சாம்பல் நிறம். வாயில் போட்டேன். நனைந்த பஞ்சு. மேலே கொஞ்சம் புகைவாசம், கிச்சாப்பு. பின்கட்டுக்குப் போனேன். கல்யாண வீட்டில் சோறு வடிக்கும் அளவுக்கு ஓர் அண்டா. அதற்குள் அடுத்த ஆட்டின் இரண்டு தொடை கொதித்துக்கொண்டிருந்தது. எலும்பு சூப்.

"எத்தன நாளா?"

"நீ நாமம் போட்ட நாள்லேருந்து" என்றான். மறைக்கவில்லை. "வேக வச்சி எடுத்து, பொகையில கொஞ்ச நேரம் காட்டுறது. சுருங்கறது இல்ல, தீர்ந்து போறது இல்ல. தண்ணிகூட வீணாகல, சூப்பா போவுது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா விட்டிருப்பியா? டெக்சாசு, நீலப் பொகைன்னு ஒரு பாடம் எடுத்திருப்ப."

"வாசல்ல நின்னு நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேனே! விடியறதுலேருந்து புகையில வெந்ததுன்னு."

"அதான்யா நல்லா இருந்திச்சி" என்றான் வேலு. கேலியாக அல்ல, நிஜமாகவே பாராட்டுகிற குரலில். "நான் சொல்லியிருந்தா நாக்கு கொழறியிருக்கும். நீ சொன்னதுல ஒரு சொட்டு பொய் தெரியல. ஒரு மாசமா ஒருத்தன் வாயத் தெறந்தானா? கூட்டம் கூடியிருக்கா, கொறஞ்சிருக்கா? நீயே சொல்லு."

கூடித்தான் இருந்தது. அண்டாவைக் கவிழ்க்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டான். அப்படியானால் பலகையையாவது இறக்கு என்றேன். அதில் இருப்பது என் வார்த்தை என்றேன்.

"பலக கடையோடது" என்றான், மெதுவாக. "கட யாரு பேர்ல இருக்கு, கிராணி?"

வாய்யா, போய்யா எல்லாம் போய், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவனும் என்னைக் கிராணி என்றான்.

6

நான் குடியிருப்பது ஒரு மலாக்காச் செட்டி வீட்டில். இவர்கள் நம்ம ஊர்ச் செட்டியார்கள் அல்ல. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து வேரூன்றியவர்கள். விபூதி இட்டுக்கொள்வார்கள், மாரியம்மனுக்கு விழா எடுப்பார்கள், ஆனால் வீட்டில் பேசுவது ஒருவகை மலாய். வீட்டுக்கார அம்மாளை எல்லோரையும் போல நானும் பீபி என்றுதான் கூப்பிடுவேன். புரட்டாசியில் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளுக்கு வேலு இலையில் கட்டிக் கொடுத்த ஒரு பொட்டலம் கறி கொண்டுவந்து கொடுத்திருந்தேன்.

அன்றைக்கு அவளிடம் போய்க் கொட்டினேன். வேலு ஏமாற்றிவிட்டான், ஒரு மாதமாக வேகவைத்த கறி, எனக்கே இன்றைக்குத்தான் தெரியும் என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அவள் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அட, வேலுவா? நான் நீன்னு நெனச்சேன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"மொத வாரமே தெரியும். நாக்கு இல்லையா எனக்கு? பின்னால பக்கத்து வீட்டுப் பூனைக்குத்தான் போட்டேன்."

"ஏன் பீபி என்கிட்ட கேக்கல?"

"எப்படிக் கேக்கறது? பொட்டலத்தக் குடுத்துட்டு, விடியறதுலேருந்து பொகையில வெந்ததுன்னு அவ்வளவு சந்தோஷமா சொல்லுவே." கீரைக் காம்பை உடைத்துக்கொண்டே சமாதானமாகச் சொன்னாள்: "கோவிச்சுக்காதே மகனே. பொழைக்க வந்த பிள்ள, ரெண்டு பொய் சொல்லத்தான் செய்யும்னு மன்னிச்சு விட்டுட்டேன்."

மன்னித்திருக்கிறாள்! வேலு சொன்னதுகூட அப்படிச் சுடவில்லை. அப்போதுதான் முழுக்க விளங்கியது. நாக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் முதல் வாரமே கண்டுபிடித்திருக்கிறார்கள். கண்டுபிடித்து, வாசலில் நாமத்தோடு நின்று புளுகுகிறவனைப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே அண்டா வைத்தவனை எவர் பார்த்தார்? மரியாதையுள்ள ஊர் இது. முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். வராமல் நின்றுவிடுவார்கள், வேறு இடத்தில் சொல்வார்கள். மிஞ்சி நின்ற கூட்டத்துக்கு அண்டாக் கறியே பிடித்திருந்தது. நான் யாருக்காகக் கறியைப் பகல் முழுக்கக் காத்தேனோ, அவர்கள் எல்லோருக்கும் நான் திருடன்.

அன்றோடு நான் கடையை விட்டு விலகினேன். அதன் பிறகு வேலு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 'பழைய ஆள் வேகவைத்து ஏமாற்றினான், அவனை அனுப்பிவிட்டேன்' என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அக்காவின் காதுக்கு எட்டியது அதுதான்.

7

பீபியின் கொல்லையில் செங்கல் அடுக்கினேன். "என் துணிக் கொடிக்கு அந்தப் பக்கமா வச்சுக்கோ. புடவையெல்லாம் ஆட்டு நாத்தம் அடிச்சா ஒன்னயும் பூனைக்குப் போட்டுடுவேன்" என்று அனுமதி கொடுத்தாள். தீபாவளி கழிந்த முதல் சனிக்கிழமை, நன்றாகக் காய்ந்த விறகாகப் பொறுக்கி ஒரே ஒரு தோளை வைத்தேன். சாயங்காலம் எடுத்தேன். சிவப்பு இருந்தது. வாழையிலையில் கட்டிக்கொண்டு உஜோங் பாசிருக்கு சைக்கிளை மிதித்தேன்.

சேவியர் வாசலில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், கோப்பி வரவழைத்தார். பொட்டலத்தை மட்டும் பார்க்கவில்லை. "இப்போதெல்லாம் வீட்டில் மீன்தான்" என்றார் மரியாதையாக. நான் விடவில்லை. வேண்டுதல், நாமம், அண்டா, சூப், லைசென்ஸ் எல்லாவற்றையும் சொன்னேன். என் மலாய் போதாத இடத்தில் ஆங்கிலம், அதுவும் போதாத இடத்தில் கை.

கடைசிவரை கேட்டார். பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டைக் கிள்ளி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வாயில் போட்டார். வெகுநேரம் மென்றார்.

"இதுதான்" என்றார்.

நான் பொட்டலத்தை அவர் பக்கமாக இன்னும் நகர்த்தி வைத்தேன்.

"ஆக, ஏமாற்றியது நீ இல்லை."

"இல்லை."

"அடடா" என்று தலையைச் சொறிந்தார். "நான் வேறு ஊர் பூராவும் சொல்லிவிட்டேனே. மச்சானிடம் சொன்னேன். சர்ச்சில் சொன்னேன். மீன் மார்க்கெட்டில் ஒருவர் பாக்கியில்லை."

"அதனால் என்ன, இப்போது உண்மையைச் சொல்லிவிடுங்கள்."

"அது எப்படி முடியும்?" என்றார், நான் ஏதோ நடக்காத காரியத்தைக் கேட்டதுபோல. "அந்தப் பையன் பொய்யன், நான் முதல் கடியிலேயே பிடித்துவிட்டேன் என்று பெருமையடித்திருக்கிறேன். இப்போது மாற்றிச் சொன்னால் என் நாக்கை எவன் மதிப்பான்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "சனிக்கிழமை எனக்கு ஒரு தோள் எடுத்து வை. முன்வாசல் பக்கம் வரமாட்டேன், கொல்லை வழியாக வருகிறேன். மச்சானுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

இன்றுவரை தவறாமல் வருகிறார். பீபியின் துணிக்கொடிக்குக் கீழே குனிந்து வந்து, அடுப்படியிலேயே நின்று முதல் துண்டைத் தின்று, கண்ணை மூடி, "டெக்சாஸ்காரன் பார்க்க வேண்டும் உன்னை" என்று மனசாரச் சொல்வார். பொட்டலத்தை மீன்கூடையின் அடியில் வைத்து, மேலே இலையைப் பரப்பி மூடிக்கொள்வார். அவரைப் போல இன்னும் நாலைந்து வீடு கொல்லை வழியாக வாங்குகிறது. போன வாரம் பசாரில் எதிரே வந்தார், பக்கத்தில் மச்சான். நான் கையைத் தூக்கினேன். சேவியர் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு நடந்தார். மச்சான்தான் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவரிடம் ஏதோ கேட்டான். சேவியர் தலையை ஆட்டி, ஆமாம், அவனேதான் என்றார்.